பெயருக்கு அஞ்சலாமா?

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதல் எங்களைக் காண்போர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பிளஸ் ஒன்னில் என்ன குரூப்?" உறவினர் வீட்டுத் திருமணமானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும் கோவில் முற்றமானாலும் சரி, இந்தக் கேள்வியிலிருந்து எங்களுக்குத் தப்ப வழியில்லை. இவ்வாண்டு எங்கள் வகுப்பில் இதற்குக் கிடைத்த விடைகள் சற்றுக் கவலை தருவனவாக இருந்தன. "அறிவியல் பிடிக்கும், அந்தப் பெயர்கள்தாம் பிடிக்கவில்லை" என்றவர்கள் பலர். அவர்களுள் ஒருத்தி பல்லாவரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் தாம்பரம் வருபவள். எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். கணக்கில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. டிஆக்ஸிரிபோ நியூக்ளிக் அமிலம் என்று கரும்பலகையில் எழுதப்பட்ட அன்று, "இந்தப் பெயரையெல்லாம் மனப்பாடம் பண்ண என் ஆயுசு போதாதுடி. நான் காமர்ஸ் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். காமர்ஸ் எடுப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் விரும்பி எடுப்பது வேறு, பெயருக்குப் பயந்து ஓடுவது வேறு அல்லவா?

அறிவியல் மன்றத்தில் இதைச் சொன்னபோது எங்கள் ஆசிரியை சிரித்தார். "அப்படியானால் இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு அந்தப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் வைத்த பெயர், எதற்காக வைத்தார்கள் என்று தேடிப் பாருங்கள்" என்றார். ஆறு பேர் சேர்ந்தோம். பல்லாவரத்துத் தோழியையும் வலிய இழுத்துக்கொண்டோம். அவளைப் போல அழகான கையெழுத்து எங்களில் எவருக்கும் இல்லை என்பது நாங்கள் வெளியில் சொன்ன காரணம்.

தேடத் தொடங்கியதும் எங்களுக்கு முதலில் ஏற்பட்டது வியப்பு, பிறகு சிரிப்பு. ஏனென்றால், பயமுறுத்திய பெயர்களில் பல சமையலறையிலும் தோட்டத்திலும் பிறந்தவை. அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் 1806இல் ஒரு கீரைத் தண்டின் சாற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கும் அந்தச் செடியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அந்தச் செடியின் பெயரே இதற்கும் வந்தது. டைரோசின் பாலாடைக் கட்டியிலிருந்து கிடைத்தது. கிரேக்க மொழியில் பாலாடைக் கட்டிக்குள்ள சொல்லே அதன் பெயர். கிளைசின் நாவில் இனிக்கும். எனவே இனிப்பு என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். என்ஸைம் என்றால் "புளித்த மாவுக்குள் இருப்பது" என்றே பொருள் கொள்ளலாமாம். இட்லிக்கு மாவு கரைத்து வைக்கும் எங்கள் அம்மாமார்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை! புரோட்டீன் என்பதற்கு மட்டும் சற்றுக் கம்பீரமான வரலாறு. 1838இல் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ், "முதன்மையானது" என்னும் பொருளில் அந்தப் பெயரைக் கடிதம் மூலம் முன்மொழிந்தார்.

இவ்வாறு அகராதியைப் புரட்டிக்கொண்டே இருந்திருந்தால் எங்கள் கட்டுரை ஒரு சொற்பட்டியலாக முடிந்திருக்கும். அதை மாற்றியவர் எங்கள் தோழியின் தாத்தா.

அவர் இளமையில் பல்லாவரத்துத் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் வேலை பார்த்தவர். ஒரு சனிக்கிழமை சார்ட்டு எழுத அவள் வீட்டில் கூடியிருந்தோம். "என்ன கண்ணுங்களா எழுதறீங்க?" என்று வந்து உட்கார்ந்தார். புரதம் பற்றி என்றோம். தோலும் புரதம்தான் தாத்தா என்று அவர் பேத்தி சொல்ல, அவர் பேச்சு அந்த வழியில் திரும்பிவிட்டது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து முடியை நீக்குவது, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது, பிறகு குரோம் உப்பில் பதனிடும் முறை வந்தது, அந்தத் தோல் நீல நிறமாக இருக்கும் என்பது என வரிசையாகச் சொன்னார். நாங்கள் நாள்தோறும் ரயிலில் கடக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். எத்தனையோ முறை அந்த ஸ்டேஷன் பலகையைப் படித்திருக்கிறோம். ஒரு வேதியியல் தனிமத்தின் பெயரில் நம் பக்கத்தில் ஓர் ஊரே இருக்கிறது என்று எங்களில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"தோல் பதமாயிடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க தாத்தா?" என்று கேட்டோம்.

"ஒரு துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணியில போடுவோம்மா. சுருண்டுக்கிச்சின்னா இன்னும் வேலை பாக்கி. அப்படியே இருந்திச்சின்னா ஆச்சு."

மறுநாள் இதை ஆசிரியையிடம் சொன்னோம். அவர் மகிழ்ந்து போனார். பதனிடாத தோலை நீரில் வைத்துச் சூடேற்றினால் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிவிடும். குரோம் ஏறிய தோல் 100 டிகிரியையும் தாங்கும். தாத்தா செய்த சோதனையை உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களிலும் செய்கிறார்களாம். தோலில் சுருங்குவது கொலாஜன் என்னும் புரதம். அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் "பசையை உண்டாக்குவது" என்று பொருள். தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்துத்தான் தச்சர்கள் மரத்தை ஒட்டும் வச்சிரப்பசையைச் செய்கிறார்கள். ஜலதோஷம் பிடித்தால் வீட்டில் வைத்துக் கொடுக்கும் ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கூழாக உறைவதும் இதே கொலாஜனின் வேலைதான். ஆக, கொலாஜன் எங்களுக்குப் புதிய பெயராக இருந்ததே தவிர, அந்தப் பொருள் எங்கள் அடுப்பங்கரையிலேயே இருந்திருக்கிறது.

இனிதான் எங்கள் ரயில் பாதையின் பெருமை தொடங்குகிறது. பல்லாவரத்திலிருந்து இன்னும் சில நிறுத்தங்கள் போனால் கிண்டி. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். சென்னைக்கு வந்தபோது முப்பது வயதுதான். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த அறிஞர் பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில், கிட்டத்திலேயே இருந்தது. அங்கிருந்து கொலாஜன் கிடைத்தது. ஆனால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழக் கூடிய தூய கொலாஜன் வேண்டியிருந்தது. கடைசியில் அது கிடைத்த இடம் கங்காருவின் வால் தசைநாண்! ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் சென்னையில் ஆராய்ச்சிக்கு உதவியது என்று படித்தபோது எங்கள் குழுவில் இருந்த ஒருத்தி, "பாவம்" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட விடையை எங்களைப் போன்றவர்களுக்கு விளக்குவது மிக எளிது. ஏனென்றால் நாங்கள் தினமும் காலையில் அதைத்தான் செய்துகொண்டு பள்ளிக்கு வருகிறோம். கொலாஜன் என்பது மூன்று இழைகள் சேர்ந்த பின்னல். எங்கள் சடையை விட ஒரு படி மேலாக, ஒவ்வோர் இழையும் தனியே இடப்புறமாக முறுக்கேறியிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கேறுகின்றன. கயிறு திரிப்பவர்களும் இப்படித்தான் எதிரெதிராக முறுக்குவார்கள்; அப்போதுதான் பிரியாது. மூன்று இழைகளும் நெருங்கி வரும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசின்தான் இருக்க முடியும். இந்தப் பின்னல் உறுதியாக நிற்க வைட்டமின் சி தேவை. அது இல்லாவிட்டால் ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். இதைப் படித்த பிறகு பள்ளி வாசலில் நாங்கள் வாங்கித் தின்னும் நெல்லிக்காய்க்கு வீட்டில் எவரும் தடை சொல்ல முடியாது என்பது எங்கள் துணிபு.

அத்துடன் கதை முடியவில்லை. டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்ட கிரிக்கும், அவருடன் ரிச் என்பவரும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை கூறினர். மூவிழைப் பின்னலை எவரும் மறுக்கவில்லை. இழைகளைக் கட்டும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டா, ஒன்றா என்பதில்தான் வாதம். அதில் ஒன்று என்ற அவர்களின் கூற்றே நிலைத்தது. ஆனால் ராமச்சந்திரன் அந்தக் குறையை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதை அளந்து, எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான ஒரு விதியைச் சொல்ல முடியுமா? குறை சொன்னவருக்குப் பதில் சொல்வதை விட அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போனதைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

இங்கேதான் குறியீடுகள் வருகின்றன. புரத இழையை ஒரு செபமாலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மணி ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலம். மணிக்கு மணி இடையே உள்ள பிணைப்புத் தட்டையானது, திரும்பாது. மணியின் முன்புறமும் பின்புறமும் மட்டுமே திருப்பலாம். ஆகவே ஒரு மணிக்கு இரண்டு கோணங்கள் போதும். அந்த இரண்டையும் 360 டிகிரி வரை மாற்றி மாற்றிப் பார்த்து, எந்தெந்த நிலையில் அணுக்கள் முட்டிக்கொள்கின்றன, எந்தெந்த நிலையில் முட்டிக்கொள்ளவில்லை என்று ஒரு கட்டத்தில் குறித்தனர். ஒரு கரி அணுவும் இன்னொரு கரி அணுவும் 3 ஆங்ஸ்ட்ராமுக்கும் கீழே நெருங்கினால் அந்த நிலை ஆகாது என்று வைத்தனர். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. கட்டத்தின் பெரும்பகுதி காலியாகிவிட்டது. சில திட்டுகள் மட்டும் மிஞ்சின. கடலும் தீவும் போல இருக்கிறது அந்தப் படம். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் அதை வெளியிட்டனர். கணிப்பொறி எளிதில் கிடைக்காத காலம் அது. இன்று உலகில் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும் அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கணிப்பொறியால் புரத வடிவங்களைக் கணித்தவர்களுக்கும் புதிய புரதங்களை வடிவமைத்தவருக்கும் சென்றது. அப்படிக் கணித்த வடிவங்களையும் இதே கட்டத்தில்தான் இட்டுப் பார்க்கிறார்கள்.

அந்த இரண்டு கோணங்களின் பெயர் ஃபை, சை. இரண்டும் கிரேக்க எழுத்துகள். ஃபை என்பது ஊசி குத்திய வளையம் போலவும், சை என்பது சூலம் போலவும் இருக்கும். எங்கள் தோழிக்கு மிகவும் பிடித்த செய்தி இதற்குப் பின்னால்தான் இருந்தது. 1963இல் அந்தக் கட்டுரையில் அவை ஃபை, சை என்றே இல்லை! இரண்டுமே ஃபை, இரண்டாவதன் தலையில் ஒரு சிறு கோடு, அவ்வளவே. வெவ்வேறு நாட்டினர் வெவ்வேறு எழுத்தும் வெவ்வேறு தொடக்கப் புள்ளியும் வைத்து எழுதியதால் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியவில்லை. 1966இல் ராமச்சந்திரன் உட்பட ஏழு அறிஞர்கள் கூடிப் பேசி ஃபை, சை என்று ஒப்புக்கொண்டனர். அதுவும் முடிவல்ல. 1970இல் வெளியான அனைத்துலக விதிகளில் பூச்சியம் எங்கே தொடங்குவது என்பதே மாறிவிட்டது. முன்பு பூச்சியம் என்றிருந்த, முழுதும் நீட்டிய இழை, 180 டிகிரி ஆயிற்று. பழைய கட்டுரையைப் படிப்பவர்கள் 180ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"அப்போ அவங்களும் அடிச்சுத் திருத்தித்தான் எழுதியிருக்காங்க" என்றாள் அவள். பெயர்கள் எல்லாம் எங்கிருந்தோ இறங்கி வந்த கட்டளைகள் என்று எண்ணியிருந்தவள், அன்று முதல் முறையாகச் சார்ட்டை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

ஓரெழுத்துக் குறியீடுகள் எங்களுக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டன. புரதங்களில் வழக்கமாக வரும் அமினோ அமிலங்கள் 20. அவற்றின் முழுப் பெயர்களை எழுதினால் ஒரு புரதத்திற்கே ஒரு நோட்டு தீர்ந்துவிடும். அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் என்ற பெண் அறிஞர், கணிப்பொறியில் இடம் மிச்சப்பட வேண்டுமென்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பயன்படுத்தினார். 1968இல் அனைத்துலகக் குழு ஓரெழுத்து முறையை ஏற்றது. கிளைசினுக்கு ஜி, அலனினுக்கு ஏ என்பவை எளிது. லூசின் 'எல்' எழுத்தைப் பிடித்துக்கொண்டதால் லைசினுக்கு அடுத்த வீட்டு எழுத்தான 'கே' கிடைத்தது. ஃபினைல் அலனினுக்கு ஒலி பார்த்து 'எஃப்' தந்தார்கள்.

உடனே எல்லோரும் தத்தம் பெயரைப் புரதமாக்கத் தொடங்கினோம். மேரி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் மெத்தியோனின், அலனின், ஆர்ஜினின், டைரோசின். நான்கும் பொருந்துகின்றன! நம் உடலில் எந்தப் புரதம் கட்டப்படும்போதும் முதலில் வைக்கப்படுவது மெத்தியோனின்தான் என்று தெரிந்ததும், நூலகத்தில் இருந்த சிஸ்டருக்கும் மகிழ்ச்சி. தெரசா என்பதும் பொருந்தும். ஜோஸ்ஃபின்களுக்குத்தான் ஏமாற்றம், 'ஜே' எழுத்துக்கென்று தனி அமினோ அமிலம் இல்லை. தாம்பரத்தில் 'பி' வருகிறது. அது இரண்டில் எது என்று தெளிவாகத் தெரியாதபோது இடும் எழுத்து. ஆனால் தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுதும் ஐந்து எழுத்துகளும் பொருந்துகின்றன. திரியோனின், அலனின், மெத்தியோனின், ஐசோலூசின், லூசின். ஒரு வாரத்தில் இருபதும் மனப்பாடமாகிவிட்டன. மனப்பாடம் செய்தோம் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

கண்காட்சியன்று தாத்தா வெள்ளைச் சட்டை அணிந்து வந்திருந்தார். மூவிழைப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு பேத்தியிடம், "எல்லாம் சரிதாம்மா. குரோம் எங்க வந்து உக்காருதுன்னு போடலியே?" என்றார். எங்களில் ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் மட்டும் பென்சிலை எடுத்து, இழைகளில் 'டி', 'ஈ' என்னும் எழுத்துகள் இருந்த இடங்களில் வட்டமிட்டாள். அஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம். "இந்த ரெண்டுலதான் தாத்தா குரோம் பிடிச்சுக்கும். பக்கத்து இழையையும் சேர்த்துக் கட்டிடும். அதனாலதான் கொதிக்கிற தண்ணியில போட்டாலும் பிரியறதில்லை." அதை அவள் எப்போது படித்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். பிறகு பக்கத்தில் நின்ற வேறொரு பெற்றோரிடம் அதை அவரே விளக்கத் தொடங்கிவிட்டார். குரூப் விஷயம் அவள் வீட்டில் இன்னும் பேச்சிலேயே இருக்கிறது. அப்பா காமர்ஸ் என்கிறார். ஆனால் இப்போது மறுத்துப் பேச அவளிடம் ஏதோ இருக்கிறது.

பெற்றோர்கள் அதிகம் நின்று பார்த்தது வேறொரு சார்ட்டை. அது கலைச்சொற்கள் பற்றியது. எங்களுள் ஒருத்தியின் பெரியம்மா யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. நாம் நொதி என்பதை அங்கே நொதியம் என்கிறார்கள். நம் செல் அங்கே கலம். குரோமோசோம் என்று நாம் எழுதுவதை அவர்கள் நிறமூர்த்தம் என்று எழுதுகிறார்கள். ஹைட்ரஜன் ஐதரசன் ஆகிறது. கார்போஹைட்ரேட் காபோவைதரேற்று ஆகிறது. முதலில் சிரித்த எங்களுக்கு, நிறமூர்த்தம் எவ்வளவு அழகான சொல் என்று பிறகு தோன்றியது. சாயம் ஏற்றினால் நிறம் பெறும் உருவம் என்பது பெயரிலேயே தெரிகிறது. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1875இல் வெளிவந்த அவருடைய வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. சேலத்தில் 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தனர். எல்லாவற்றையும் தமிழாக்கிவிட வேண்டும் என்று எங்களில் சிலரும், பெயர்கள் உலகெங்கும் ஒன்றாக இருப்பதே நல்லது என்று சிலரும் கட்சி கட்டினோம். புரதம், நொதி, மரபணு போன்று வாயில் இயல்பாக வருபவை தமிழில் இருக்கட்டும். கிளைசினும் லூசினும் அப்படியே இருக்கட்டும் என்பதே கடைசியில் பெரும்பான்மையோர் கருத்து. நிறமூர்த்தத்தை நம் பாடநூலிலும் சேர்க்க வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் வேறுபாடு இல்லை.

அந்தச் சார்ட்டில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தோம். ஒன்று நம் சொல், ஒன்று யாழ்ப்பாணச் சொல், ஒன்று அனைத்துலகச் சொல். கடைசி வரிசைக்கு வந்தபோது ஃபையும் சையும் மிஞ்சியிருந்தன. என்ன எழுதுவது என்று சிறிது நேரம் யோசித்தோம். பிறகு எங்கள் தோழி மூன்று கட்டங்களிலும் அதே வளையத்தையும் அதே சூலத்தையும் வரைந்தாள்.